மூன்று லட்ச ரூபாய் கார்டும் திக்கித் திணறும் டைம்லைனும்

கேள்வி: ஐயா, ஈரோட்டில் பதினோரு வருடமாகக் கல்யாண போட்டோ, வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறேன். ஒரு முகூர்த்தத்துக்கு நாலு சோனி கேமரா போகும். எல்லாமே 4கே, 10 பிட், 4:2:2. எடிட்டிங் டாவின்சி ரிசால்வில். கம்ப்யூட்டர் ரைசன் 9 5900எக்ஸ், 32 ஜி.பி. ரேம், கிராபிக்ஸ் கார்டு ஆர்.டி.எக்ஸ். 3060 12 ஜி.பி., மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். 750 வாட். நாலு கேமராவையும் ஒன்றாக டைம்லைனில், அதாவது காட்சிகளை வரிசையாக வைத்து வெட்டும் இடத்தில், போட்டால் திக்கித் திக்கித்தான் ஓடுகிறது. இதுபோக, ரிசப்ஷன் எல்.இ.டி. திரைக்கு பிளெண்டரில் 3டி காட்சிகள் செய்து தருகிறேன். மாதம் மூன்று நான்கு ஆர்டர். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் படமாக வரைந்து முடிக்க, அதாவது ரெண்டர் செய்ய, ராத்திரி முழுக்க ஆகும். புதிதாக வந்திருக்கும் ஆர்.டி.எக்ஸ். 5090 வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்கள். கடையில் 3,20,000 ரூபாய் சொல்கிறார்கள். 5080 என்றால் 1,35,000, 5070 டிஐ 92,000. நண்பர் ஒருவர் தன் பழைய 4090-ஐ 1,60,000-க்குத் தருகிறேன் என்கிறார். வீட்டு நகையை வங்கியில் வைத்தால் 5090 வாங்கிவிடலாம். கல்லூரியில் படிக்கும் மகனும், "வாங்கினால் அதையே வாங்குங்கள், கேமும் விளையாடலாம்" என்கிறான். வாங்கலாமா?

பதில்: வணக்கம். நகையை வைக்க வேண்டாம். பதிலின் கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எழுதியதைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் வங்கிக்குக் கிளம்பிவிடக் கூடாது பாருங்கள்.

5090 மோசமான கார்டு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இன்றைக்குச் சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் கேமிங் கிராபிக்ஸ் கார்டுகளில் அதுதான் வேகமானது, அதில் இரண்டாவது கருத்தே கிடையாது. பதினெட்டு வருடமாக எடிட்டிங் ஸ்டுடியோக்களுக்கும் அனிமேஷன் கம்பெனிகளுக்கும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். 5090 போட்ட இரண்டு மெஷின்களை நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன், இரண்டு பேரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் வியாதி வேறு. அதற்கு இந்த மருந்து தேவையில்லை, அல்லது இந்த மருந்தில் கால் டோஸ் போதும்.

முதலில் அந்தக் கார்டைப் பற்றிக் கொஞ்சம். 2025 ஜனவரி தொடக்கத்தில் லாஸ் வேகாஸ் சி.இ.எஸ். கண்காட்சியில் கார்டைச் செய்யும் என்விடியா கம்பெனியின் தலைவர் ஜென்சன் ஹுவாங் அறிவித்தார், ஜனவரி 30 அன்று விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அறிவித்த விலை 1,999 டாலர், இந்தியாவில் 2,14,000 ரூபாய். அந்த விலையில் கார்டைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. உங்கள் கடைக்காரர் சொல்லும் 3,20,000 இன்றைய சந்தையில் ஆச்சரியமான விலை இல்லை. அவரைத் திட்ட வேண்டாம்.

இதை 2022 அக்டோபரில் வந்த 4090-உடன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடா கோர்கள், அதாவது கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதிகள், அதில் 16,384, இதில் 21,760. அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மின்சாரம் அதற்கு 450 வாட், இதற்கு 575. விலை அமெரிக்காவில் 1,599 டாலரிலிருந்து 1,999. 4கே கேம்களில் கிடைக்கும் உண்மையான வேக உயர்வு ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம். எல்லாம் ஒரே அளவில் ஏறியிருப்பது தெரிகிறதா? காரணம், இரண்டு சிப்புகளுமே தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையில் ஒரே தலைமுறைத் தொழில்நுட்பத்தில் செய்தவை. 4090-இன் சிப் சுமார் 609 சதுர மில்லிமீட்டர், 5090-இன் சிப் 750. ஈரோட்டுக்காரரான உங்களுக்கு ஜவுளிக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும்: நூல் அதே நம்பர், தறியும் அதே தறி, துணியை மட்டும் அகலமாக நெய்திருக்கிறார்கள். அகலத்துக்கு ஏற்ற விலை, அகலத்துக்கு ஏற்ற மின்சாரம்.

நிஜமான பாய்ச்சல் மெமரியில்தான். 24 ஜி.பி. இருந்தது 32 ஆகியிருக்கிறது. அது ஜி.டி.டி.ஆர்.7 என்ற புது வகை, விநாடிக்கு 1,792 ஜி.பி. தரவை நகர்த்தும். 4090-இல் இது 1,008. பெரிய ஏஐ மொழி மாதிரிகளைச் சொந்த மெஷினில் ஓட்டுபவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் தங்கம். ஒவ்வொரு சொல்லை உருவாக்கும்போதும் மாதிரி முழுவதையும் மெமரியிலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும் என்பதால், வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த நகர்த்தும் திறன்தான். நீங்கள் அந்த வேலை செய்யவில்லை. என்னிடம் 5090 வாங்கிய இருவரில் ஒருவர் அதற்காகத்தான் வாங்கினார்.

விளம்பரங்களில் இரண்டு மடங்கு வேகம் என்று ஒரு பட்டைப் படம் வரும், அதில் ஏமாந்துவிடாதீர்கள். டி.எல்.எஸ்.எஸ். 4 என்று ஒரு வசதி இருக்கிறது. கார்டு ஒரு ஃபிரேமை உண்மையாக வரைந்தால், அதைத் தொடர்ந்து மூன்று ஃபிரேம்கள் வரை ஏஐ ஊகித்து நிரப்பும். பந்தியில் ஒரு இலைக்குப் பரிமாறிவிட்டு அடுத்த மூன்று இலைக்குச் சாப்பாட்டுப் படத்தை வைப்பது மாதிரி. சரி, இந்த உவமை கொஞ்சம் அநியாயம். கேமில் அந்தப் படமே கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அசைவும் வழவழப்பாக இருக்கும். ஆனால் ரிசால்விலோ பிளெண்டரிலோ அதனால் உங்களுக்கு ஒரு பைசா பயனில்லை. எந்த ஒப்பீட்டைப் பார்த்தாலும் இப்படி நிரப்பும் ஃபிரேம் ஜெனரேஷன் போட்டு எடுத்த எண்ணா, போடாமல் எடுத்த எண்ணா என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

இப்போது உங்கள் டைம்லைனுக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு சொல்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது: 4:2:2.

கேமரா படத்தைப் பதிவு செய்யும்போது வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். நிறத்தை அப்படி வைக்காது, இடத்தை மிச்சம் பிடிக்கும். 4:2:0 என்றால் நாலு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல். 4:2:2 என்றால் இரண்டு புள்ளிக்கு ஒன்று. பட்டுப் புடவையின் ஜரிகை ஓரம், கலர் கிரேடிங்கில் முகத்தின் நிறம் இதெல்லாம் 4:2:2-இல் நன்றாக நிற்கும். நீங்கள் அதில் எடுப்பது சரியான முடிவு, மாற்ற வேண்டாம்.

சிக்கல் எங்கே என்றால், இந்தச் சுருக்கிய வீடியோவைப் பிரிப்பதற்கென்று ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டிலும் தனியாக ஒரு டீகோடர் பகுதி இருக்கிறது. கூடா கோர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீடியோவைச் சுருக்கும் முறைகளான எச்.264, எச்.265 இரண்டிலுமே உங்கள் 3060-இன் டீகோடருக்கு 4:2:2 தெரியாது. 3090-க்கும் தெரியாது. 4090-க்கும் தெரியாது. தெரியாததால் வேலை முழுக்க சி.பி.யு., அதாவது பிராசஸர் தலையில் விழுகிறது. உங்கள் 5900எக்ஸ் பன்னிரண்டு கோர் உள்ள நல்ல பிராசஸர்தான், ஆனால் அதற்குள் கிராபிக்ஸ் பகுதி எதுவும் இல்லை. நாலு கேமராவின் 4கே ஓட்டத்தை ஒரே நேரத்தில் வெறும் கோர்களை வைத்துப் பிரிக்கச் சொன்னால் அதற்கு மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சு வாங்கலைத்தான் நீங்கள் திக்கல் என்று பார்க்கிறீர்கள். 3060 அந்த நேரத்தில் கிட்டத்தட்ட சும்மா உட்கார்ந்திருக்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். டைம்லைனை ஓடவிட்டு, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறங்கள். இடது பக்கம் ஜி.பி.யு. (கிராபிக்ஸ் கார்டு) என்பதைத் தட்டினால் சின்னச் சின்ன வரைபடங்கள் வரும், அதில் ஒன்று வீடியோ டீகோட். அது தரையோடு படுத்திருந்து, சி.பி.யு. மட்டும் 90, 100 என்று கொதித்தால் நான் சொன்ன வியாதிதான். வீடியோ டீகோட் சும்மா இருந்து, சி.பி.யு.வும் சும்மா இருந்து, 3டி வரைபடம் உச்சியில் நின்றால் கதை வேறு. அப்போது கார்டின் பலமே போதவில்லை என்று அர்த்தம். மூன்றுமே சும்மா இருந்தும் திக்கினால், நாலு கேமரா ஃபைலும் ஒரே பழைய ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்காக லட்சக்கணக்கில் கார்டு மாற்றிவிட்டு, கடைசியில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டுச் சரியான ஸ்டுடியோவும் எனக்குத் தெரியும்.

50 வரிசை கார்டுகளில் உங்களுக்கு உண்மையிலேயே பயன்படும் புதுமை இதுதான், இதை விளம்பரத்தில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. இந்தத் தலைமுறையின் டீகோடருக்கு எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2 தெரியும். இது 5090-க்கு மட்டும் என்று வைத்த சலுகை இல்லை, 5070-இலும் உண்டு, 5070 டிஐ-யிலும் உண்டு. வித்தியாசம் எண்ணிக்கையில்: 5090-இலும் 5080-இலும் இரண்டு டீகோடர், 5070 டிஐ-யில் ஒன்று. நாலு கேமராவுக்கு ஒன்றே போதும் என்பது என் கணக்கு. ஆறு, எட்டு கேமரா என்று நீங்கள் வளரும் திட்டம் இருந்தால் 5080-ஐப் பற்றி யோசிக்கலாம்.

இன்டெல் பிராசஸரின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் 11-ஆம் தலைமுறையிலிருந்து 4:2:2-ஐப் பிரிக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் பெரும்பாலானவற்றில் எச்.265-க்கு மட்டும். சோனியில் எக்ஸ்.ஏ.வி.சி. எச்.எஸ். என்று பதிவானால் எச்.265, வெறும் எக்ஸ்.ஏ.வி.சி. எஸ். என்றால் எச்.264. நாலு கேமராக்காரர்களும் எதில் வைத்து எடுக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். என் அனுபவத்தில் நாலு பேர் நாலு விதமாக வைத்திருப்பார்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். உங்களிடம் இருப்பது ரிசால்வின் இலவசப் பதிப்பா, 295 டாலர் ஒரே முறை கட்டி வாங்கும் ஸ்டுடியோ பதிப்பா? கடிதத்தில் அது இல்லை. இலவசப் பதிப்பாக இருந்தால் எந்தக் கார்டு போட்டாலும் 10 பிட் 4:2:2-க்கான இந்த ஹார்டுவேர் வசதி கைக்கு வராது. ராத்திரி ரிசப்ஷன் காட்சிகளில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலை எடுக்கும் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷனும் ஸ்டுடியோ பதிப்பில்தான் இருக்கிறது. இலவசத்தில் இருந்தால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும், கார்டு இரண்டாவது. கார்டு வந்தபின் ரிசால்வையும் டிரைவரையும் புதிய பதிப்புக்கு ஏற்றிவிடுங்கள். பழைய பதிப்புக்குப் புது டீகோடரைத் தெரியாது.

ஒரு ரூபாய் செலவில்லாமல் இன்று இரவே செய்யக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. ரிசால்வில் எல்லா ஃபைலுக்கும் பாதி அளவில் ப்ராக்ஸி, அதாவது எளிதாக ஓடும் சின்ன நகல், உருவாக்கச் சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ப்ராக்ஸியை வைத்து எடிட் செய்யுங்கள், கடைசி எக்ஸ்போர்ட்டில் ரிசால்வ் அசல் ஃபைலை எடுத்துக்கொள்ளும். பெரிய பெரிய படங்களின் எடிட்டிங்கே இப்படித்தான் நடக்கிறது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் இதை ஏதோ வசதியில்லாதவர் செய்யும் வேலை மாதிரி நினைக்கிறார்கள், ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அடுத்து பிளெண்டர். இங்கே 5090-க்கு உண்மையான பலம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பிளெண்டருக்குள் படத்தை வரையும் சைக்கிள்ஸ் ரெண்டரில் உங்கள் 3060-ஐவிட 5070 டிஐ ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம் தரும். 5090 ஆறு மடங்கு. காகிதத்தில் பார்த்தால் 5090 இரண்டு பங்கு நல்லது. ஆனால் உங்கள் ரெண்டர் எப்போது ஓடுகிறது? ராத்திரி பத்து மணிக்குப் போட்டு காலை ஏழுக்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்பது மணி நேரம் 5070 டிஐ-யில் மூன்று மணி நேரம் ஆகும், 5090-இல் ஒன்றரை மணி நேரம். ஒன்றில் ஒரு மணிக்கு முடியும், இன்னொன்றில் பதினொன்றரைக்கு முடியும். இரண்டு நேரத்திலும் நீங்கள் தூக்கத்தில்தான் இருப்பீர்கள். அந்த ஒன்றரை மணி நேர மிச்சத்துக்கு 2,28,000 ரூபாய் கூடுதல் விலை.

பகலில் உட்கார்ந்து, லைட்டிங்கை மாற்றி, ரெண்டர் போட்டுப் பார்த்து, மறுபடி மாற்றி என்று நாளெல்லாம் செய்பவருக்குக் கணக்கு தலைகீழ். அவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கூலி. என்னிடம் 5090 வாங்கிய இன்னொருவர் அப்படிப்பட்டவர், விளம்பரப் படங்களுக்கு 3டி செய்கிறார். ஒரு காட்சிக்கே 20 ஜி.பி.க்கு மேல் மெமரி கேட்கும். மெமரியில் அடங்காத காட்சியை கார்டு கம்ப்யூட்டரின் ரேமில் கொஞ்சம் வைத்துக்கொண்டு ஓட்டும்தான், ஆனால் வேகம் ஒரேயடியாக விழுந்துவிடும். அவருக்கு 5070 டிஐ போன்ற 16 ஜி.பி. கார்டு எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஆகாது. உங்கள் காட்சிகள் இப்போது 12 ஜி.பி. கார்டிலேயே ஓடி முடிகின்றன.

5090-இன் விலை 3,20,000-உடன் நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். கார்டுக்கு 575 வாட், உங்கள் பிராசஸருக்கு முழு வேலையில் 140 வாட் பக்கம், மீதிக்கு 80 என்று வையுங்கள், 800 வாட் ஆகிவிட்டது. அதுவும் சராசரி, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு கார்டு 575-ஐத் தாண்டி எகிறி இறங்கும். அதனால்தான் என்விடியாவே குறைந்தது 1,000 வாட் எஸ்.எம்.பி.எஸ். கேட்கிறது. உங்கள் 750 வாட் வெளியே போக வேண்டும். என்விடியாவின் கூட்டாளிக் கம்பெனிகள் செய்யும் கார்டுகள் பல மூன்றரை ஸ்லாட் தடிமன், 33 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். கேபினெட்டும் அளந்து பார்க்க வேண்டும். ஒரு டன் ஏசி என்பது சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரம். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு கம்ப்யூட்டர் சாப்பிட்டுவிடும். ஈரோட்டு சித்திரை வெயிலில், எடிட்டிங் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு இதை யோசித்துப் பாருங்கள்.

கரண்ட் பில் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. கார்டு மட்டும் முழு வேகத்தில் எட்டு மணி நேரம் ஓடினால் 4.6 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றால் 46 ரூபாய். டீ, வடைச் செலவுதான். யு.பி.எஸ்.தான் பிரச்சினை. கடைகளில் சாதாரணமாக விற்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். 360 வாட் தாங்கும், 1,100 வி.ஏ. என்றாலும் 660 தான். ராத்திரி ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் அது காப்பாற்றாது, 'கீ' என்று கத்திவிட்டு அணைந்துவிடும்.

அப்புறம் அந்த கனெக்டர். இதைப் பற்றி உங்கள் கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பழைய 8 பின் கனெக்டருக்கு அனுமதித்த அளவு 150 வாட். மூன்று 12 வோல்ட் கம்பிகள், கம்பிக்கு நாலு ஆம்பியர் சொச்சம்தான் ஓடும். அது தாங்கக்கூடியதில் இது கிட்டத்தட்ட பாதிதான். புது 16 பின் கனெக்டரில் 600 வாட் வரை விடுகிறார்கள். 575 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 48 ஆம்பியர். அது ஆறு கம்பிகளில் சமமாகப் பிரிந்தால் கம்பிக்கு 8. கனெக்டரின் பின் தாங்கும் அளவே ஒன்பது ஆம்பியர் சொச்சம்தான். ஒரு பின் சரியாக உட்காராமல் போனால் அதன் பங்கும் பக்கத்துக் கம்பியில் ஏறும், ஏறினால் சூடு, சூடானால் பிளாஸ்டிக் உருகும். 4090 வந்த 2022-இலேயே உருகிய கனெக்டர் படங்கள் வந்தன. 5090 வந்த சில வாரங்களில் மறுபடி வந்தன. கார்டுகளை அளவுக்கு மீறி வேகமாக ஓட்டிப் பார்க்கும் ஒரு ஜெர்மானிய ஓவர்கிளாக்கர் அளந்து பார்த்தபோது ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது.

நானே இதில் ஒருமுறை மாட்டினேன். 2023-இல் ஒரு வாடிக்கையாளருக்கு 4090 போட்டுக் கொடுத்தேன். கேபினெட் கொஞ்சம் குறுகல். பக்கவாட்டுக் கதவை மூடும்போது கேபிள் அழுத்தி வளைந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் மாதம், கருகின வாடை வருகிறது என்று போன். கழற்றிப் பார்த்தால் கனெக்டரின் ஒரு ஓரம் மெழுகு மாதிரி வழிந்திருந்தது. கார்டு கம்பெனியோ எஸ்.எம்.பி.எஸ். கேபிளைக் காட்டியது, எஸ்.எம்.பி.எஸ். கம்பெனி கார்டைக் காட்டியது. நாலு மாதம் நடந்தேன், பாதிப் பணம் என் கையிலிருந்துதான் போனது. அன்றிலிருந்து இந்தக் கனெக்டரை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி, டார்ச் அடித்து இடைவெளி இல்லை என்று பார்த்து, முதல் மூன்றரை சென்டிமீட்டர் வளையாமல் விட்டுத்தான் மூடுகிறேன். 5070 டிஐ-யிலும் இதே கனெக்டர்தான் வரும், ஆனால் அங்கே ஓடுவது 300 வாட். கம்பிக்கு நாலு ஆம்பியர் சொச்சம். பழைய கனெக்டரின் அளவுக்கு வந்துவிட்டது, நிம்மதியாகத் தூங்கலாம்.

நண்பரின் 4090 விஷயத்தில் என் பதில் ஒரே வரி: அதற்கு 4:2:2 தெரியாது. 1,60,000 கொடுத்தும் டைம்லைன் அதே திக்கல் திக்கும். உங்கள் வேலை பிளெண்டர் மட்டுமாக இருந்திருந்தால் அதன் 24 ஜி.பி.க்காக யோசித்திருப்பேன். நண்பர் என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்: பழைய 4090 வாங்குபவர்கள் மெஷினில் போட்டு ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. உள்ளே சிப்பையும் மெமரியையும் கழற்றிவிட்டு வெறும் கூட்டை விற்ற சம்பவங்கள் வெளிநாடுகளில் செய்தியாகியிருக்கின்றன.

மகன் விஷயம். தம்பியின் மானிட்டர் 1080பி-யாக இருந்தால் 5090-க்கு அங்கே வேலையே இல்லை. பிராசஸர் ஃபிரேம் கொடுப்பதற்காகக் கார்டு காத்துக்கொண்டிருக்கும். 5070 டிஐ-யில் 1440பி மானிட்டரில் எல்லா கேமும் அமர்க்களமாக ஓடும். முகூர்த்த மாதத்தில் மட்டும் அந்த மெஷினைத் தொடக் கூடாது என்று இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

ஆக, டாஸ்க் மேனேஜர் சோதனையில் நான் சொன்னது சரி என்று தெரிந்தால், 92,000-க்கு 5070 டிஐ எடுங்கள். அதற்கு என்விடியா கேட்பது 750 வாட், உங்களிடம் இருப்பதும் அதுவே. ஐந்தாறு வருடம் ஓடியதாக இருந்தால் மட்டும் நல்ல கம்பெனியின் 850 வாட்டாக மாற்றிவிடுங்கள். ரேமை 64 ஜி.பி. ஆக்குங்கள், ரிசால்வும் பிளெண்டரும் ஒன்றாகத் திறந்திருக்கும் மெஷினில் 32 போதாது. நடப்பு வேலைக்கென்று 2 டி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று. சைன் வேவ் யு.பி.எஸ்., ஆயிரம் வாட்டுக்குக் குறையாமல். எல்லாம் சேர்ந்தாலும் கடைக்காரர் 5090-க்குக் கேட்ட பணத்தில் பாதியைத் தொட்டு நிற்கும். மதர்போர்டு, பிராசஸர் இரண்டையும் தொட வேண்டாம். கார்டு செருகும் ஸ்லாட் உங்கள் போர்டில் அனேகமாக பி.சி.ஐ. 4.0, புது கார்டு 5.0, அதனால் கார்டு வீணாகிவிடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். இழப்பு ஓரிரு சதவீதம்கூட வராது.

பில்லை ஸ்டுடியோவின் ஜி.எஸ்.டி. எண்ணில் போடச் சொல்லுங்கள். கார்டுக்கு 18 சதவீத வரி. 92,000-இல் சுமார் 14,000 ரூபாய் வரிதான். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்று, கல்யாண வேலைக்கு வரி வசூலித்துக் கட்டுபவர் என்றால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். துபாயிலிருந்து யாராவது வரும்போது வாங்கி வரச் சொல்லலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சுங்கச் சலுகையின் வரம்பை விலை தாண்டிவிடலாம், இங்கே வாரண்டி தருவார்களா என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேண்டாம்.

கார்டு கைக்கு வந்த அன்றே ஜி.பி.யு-இசட் என்ற சின்ன மென்பொருளை இறக்கி, ஆர்.ஓ.பி. (படப் புள்ளிகளைக் கடைசியாக எழுதி முடிக்கும் பகுதிகள்) என்ற இடத்தில் 96 என்று இருக்கிறதா பாருங்கள். இந்த வரிசையின் தொடக்கத்தில் வந்த கார்டுகளில் மிகச் சிலவற்றில், அரை சதவீதத்துக்கும் குறைவு என்று என்விடியாவே ஒப்புக்கொண்டது, இந்தப் பகுதிகளில் சில குறைந்திருந்தன. 88 என்று காட்டினால் அதைப் படம் எடுத்து, பில்லோடு அன்றைக்கே கடைக்குப் போங்கள். மாற்றிக் கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

பிளெண்டரில் ரெண்டர் முடிந்ததும் ஜன்னலின் மேலே பீக் மெமரி என்று ஒரு எண் வரும். ஒவ்வொரு ஆர்டருக்கும் அதை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அடிக்கடி அது 14, 15 ஜி.பி.யைத் தொட ஆரம்பித்து, மாதம் நாலு ஆர்டர் என்பது பன்னிரண்டாகவும் ஆனால், அந்த நோட்டோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது 5090 கணக்கை முதலிலிருந்து போடலாம்.